மேலுக்கு ஒன்று போட்ட குல்லாய்

மீன்சுருட்டி,
விய வருஷம், கார்த்திகை 6.

சிரஞ்சீவி சௌபாக்கியவதி கமலவேணிக்கு, அப்பத்தா கலியம்மாள் உன் தலையைத் தொட்டதாக நினைத்து எழுதும் ஆசீர்வாதம். இவ்விடம் நான், உன் தாத்தா, சிவப்பு மாடு மூவரும் சேமம். என் வலது முட்டி மட்டும் சேமமில்லை. அவ்விடத்தில் நீ சாப்பிடுகிறாயா, சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன கடிதத்தில் மூன்றுக்கும் சேர்த்து "நலம்" என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாய். அதை நான் மறக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது எந்த ஊர் வழக்கம் என்று நான் கேட்டதற்கு, "இங்க பக்கத்து வூட்டுலயே கம்பவுண்டர் இருக்காரு, அங்க என்ன இருக்கு?" என்று உன் மாமியார் சொல்லியனுப்பினாளே, இங்கே மருத்துவச்சி வைரக்கண்ணு இருக்கிறாள். உன் அப்பனைக் கையில் பிடித்தவளும் அவள்தான், உன்னைப் பிடித்தவளும் அவள்தான், இரண்டு பேரையும் அவள் கீழே போட்டதில்லை. தாயில்லாத உன்னை மூன்று வயசிலிருந்து வளர்த்த எனக்கு உன் பிள்ளையை முதலில் ஏந்தத்தான் கொடுத்துவைக்கவில்லை, அதன் தலையில் ஏறும் முதல் குல்லாயாவது என் கையால் ஆகட்டும் என்று உன்னிடம் கேட்டேன். நீயும் கம்பவுண்டர் பெண்டாட்டி பூங்காவனத்திடம் சொல்லி, கொக்கி ஊசி ஒன்றும், வெள்ளை நூல் ஒரு கண்டும், பின்னும் முறையை அவள் கைப்பட எழுதிய காகிதமும் தபாலில் அனுப்பினாய். அங்கேதான் பிடித்தது சனி.

ஊசி என்றால் காது இருக்க வேண்டும். இதற்குக் காதும் இல்லை, முனையும் இல்லை. முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியைப் பொம்மைக்குச் செய்தாற்போல் இருக்கிறது. சரி, காகிதத்தைப் பார்ப்போம் என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திய என் சித்தப்பா செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, அன்று அவரை மறுபடி ஒருமுறை திட்டினேன். "ஆறு சங்கிலி போட்டு வளையமாக இணைக்கவும். வளையத்துக்குள் பன்னிரண்டு தூண் எழுப்பவும். ஒவ்வொரு தூணின் மேலும் இரண்டு தூண் எழுப்பவும்." ஒரு தூண்மேல் இரண்டு தூணை எந்தக் கொத்தனார் நிறுத்துவான் ஆயி? இதில் அங்கங்கே சின்னச் சின்னப் பூ வேறு போட்டிருந்தது. அடடா, முகம் தெரியாத கிழவிக்குப் பூப் போட்டு எழுதியிருக்கிறாளே, எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் என்று வைரக்கண்ணுவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். நாலாம் நாள்தான் அடியில் பொடியெழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்: "பூக்குறி முதல் பூக்குறி வரை உள்ளதை ஆறு தடவை செய்யவும்." நான் ஒரு தடவைதான் செய்திருந்தேன். அதுவரை போட்டது அத்தனையும் பிரித்தேன்.

பிறகு ஒழுங்காகத்தான் போட்டேன். உனக்குத் தெரியும், என் கை வெறும் கணக்கோடு நிற்காது. நெல் அளந்தாலும் கடைசிப் படிக்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டுத்தான் சாக்கைக் கட்டுவேன். பச்சைப் பிள்ளை தலைக்குப் போகிற சாமானில் இத்தனைதான் என்று வெட்டினாற்போல் நிறுத்த மனசு வருமா? பன்னிரண்டு என்றிருந்தால் மேலுக்கு ஒன்று, பூவுக்குப் பூ ஒவ்வொரு தடவையும் வளர்ச்சிக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாம் சுற்றில் அப்பம் மாதிரி அழகாக இருந்தது. ஆறாம் சுற்றில் ஓரமெல்லாம் சேவல் கொண்டை மாதிரி நெளிந்தது. "இனிமேல் தானாகக் கீழே இறங்கும்" என்று காகிதத்தில் போட்டிருக்கிறது, அது இறங்கவில்லை, பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. உன் தாத்தா ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது புள்ள தலைக்கா, பொங்கப் பானைக்கா?" என்றார். அன்று அவருக்கு மோர் கிடையாது.

இந்த நேரம் பார்த்து, போன வெள்ளிக்கிழமை, ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்துக்கு வந்த உன் மாமியார் வண்டியைத் திருப்பிக்கொண்டு இங்கே வந்து இறங்கிவிட்டாள். பொன்னம்மாளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உன் கல்யாணத்தன்று, வைகாசி பதினேழு, புதன்கிழமை, பாயசத்தை நாக்கில் வைத்துவிட்டு, "ஏன் சம்பந்தியம்மா, உங்க ஊர்ல சர்க்கரைக்கு ரேஷனா, மனசுக்கு ரேஷனா?" என்று பந்தியில் நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் கேட்டவள். ஏழு பேர் சிரித்தார்கள். பெயர் வேண்டுமானால் எழுதுகிறேன்.

ஒளித்து வைக்க நேரமில்லை. அவள் கூடத்தில் காலை வைத்ததும் என் மடியைப் பார்த்தாள்.

"என்ன சம்பந்தியம்மா, முறத்துக்கு உறை தைக்கிறீங்களா?"

"உங்க பேரப்புள்ளைக்குக் குல்லாய்ங்க."

"யாத்தே! தலை எம்மாம் பெருசுன்னு நெனச்சீங்க?"

"உங்க மவன் தலையப் பாத்துத்தான் அளவு எடுத்தேன்" என்றேன். வாயிலிருந்து விழுந்துவிட்டது கண்ணு. போச்சு, இனி உன்னைப் பொங்கலுக்குக்கூட அனுப்பமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ வெற்றிலைச் சாறு வழிய வழியச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "குடுங்க இப்புடி. எனக்கு எழுத்துத் தெரியாது, கை தெரியும். நீங்க படிங்க, நான் போடுறேன்" என்று மிச்சக் கண்டிலிருந்து புதிதாக ஆரம்பித்தாள். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பன்னிரண்டாவது தூண் முடிந்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"புள்ளை காரியம். மேலுக்கு ஒண்ணு போட்டுக்கிறேன்."

ஐம்பது மைல் தள்ளிப் பிறந்தவள், ஒன்றரை வருஷமாக நான் மனசுக்குள் பேசாமல் இருப்பவள், அவளுக்கும் கை அங்கேதான் நின்றது! நான் அடுத்த வரியைப் படித்தேன். சாப்பாட்டு வேளைக்குள் அவளுடையதும் கொண்டை கொண்டையாக நெளிந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு பேர் கையும் தப்பாகுமா? காகிதம்தான் தப்பு என்று முடிவு செய்தோம். என்னுடையதை எடுத்து அவள் தன் தலையிலேயே மாட்டினாள், அது கண்ணையும் மூடிக்கொண்டு மூக்கு வரைக்கும் வந்துவிட, "சம்பந்தியம்மா, வாசப்படி எந்தப் பக்கம்?" என்று கையைத் துழாவினாள். நான் சிரித்த சிரிப்பில் முட்டி வலி தெரியவில்லை.

வண்டி ஏறும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தை பொறந்ததும் கமலத்த அனுப்பி வைக்கிறேன், உங்க கிட்டயே பெத்துக்கட்டும். ஒரு குல்லாய்க்கே கணக்குத் தப்பா எழுதுற வூட்ட நம்பி எப்படிங்க புள்ளப்பேறு பாக்குறது?"

ஆகவே ஆயி, தை இரண்டாம் தேதி தாத்தா வண்டியோடு அரியலூரில் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பார். பூங்காவனத்திடம், எழுதத் தெரியாததை இனி யாருக்கும் எழுத வேண்டாம், முக்கியமாகப் பூப் போட்டு எழுத வேண்டாம் என்று சொல். இந்தக் கொக்கியை இனித் தொடுவதில்லை என்று மாரியம்மன் பெயரைச் சொல்லிவிட்டேன். இத்துடன் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாயசத்து விஷயத்தையும் இன்றோடு மறந்தாயிற்று. மாப்பிள்ளைக்கு என் ஆசி, உன் மாமியாருக்கு என் கும்பிடு, வயிற்றில் இருப்பதற்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா
கலியம்மாள்

பின்குறிப்பு: ஊசியை அனுப்பவில்லை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் நூல் வீணாகிறதே என்று இரண்டையும் பிரித்தேன். பிரித்ததில் பாதி அறுந்து சிக்காகிவிட்டது, ஜெயங்கொண்டத்துக் கடையிலும் வெள்ளை நூல் இல்லை. இருந்த நூலுக்கு மேலுக்கு ஒன்று போட வழியில்லாமல், காகிதத்தில் உள்ளபடி எண்ணிப் போட்டேன். தானாகக் கீழே இறங்கிவிட்டது. உரித்த தேங்காய்மேல் வைத்துப் பார்த்தேன், அதற்கென்றே பிறந்தாற்போல் உட்கார்ந்தது. பூங்காவனம் பாவம், உத்தமி. மேலே எழுதியதை அவளிடம் சொல்லாதே. அவளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், வாய்விட்டுக் கேட்பது பிள்ளை பிறந்த பிறகு. உன் மாமியாரிடம் மூச்சு விடாதே, கம்பவுண்டர் மறுபடி நல்லவராகிவிடுவார். அவள் உங்கள் வீட்டுக் கடிதங்களைப் பூங்காவனத்தை விட்டுத்தானே படிக்கச் சொல்லிக் கேட்பாள்? இதைப் படித்த கையோடு அடுப்பில் போடு. குல்லாயைத் தபாலில் அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் தலை இங்கே வரட்டும்.