இடுக்குச் சுத்தக் கோல், எண் ஒன்று

சரசாவின் கால் கட்டைவிரலில் முள் ஏறியிருந்தது. மீன் முள் என்றால் பிடுங்கிப் போட்டிருக்கலாம். இது தூண்டில் முள்.

திருமுல்லைவாயில் கிளினிக்கில் டாக்டர் அதை இன்னும் உள்ளே தள்ளி, மறுபக்கம் வெளிவந்த நுனியை வெட்டப் போனார்.

"வெட்டாம எடுக்க முடியாதா டாக்டர்? நல்ல முள்ளு" என்றார் கலியமூர்த்தி.

சரசா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பேசினாள்.

"யோவ், நல்லா கேட்டுக்கோ. நாளைக்கு நான் வேலை முடிச்சு வரசொல்ல இந்த ஊட்ல ஒரு முள்ளு கெடந்தா, மொத்தத்தையும் காயலாங்கடைல போட்ருவேன். அந்தத் தூண்டில் கோலையும் சேத்துதான்."

"கோலு இன்னா பண்ணிச்சி?"

"கோலு இல்லாட்டி முள்ளுக்கு இந்த ஊட்ல இன்னா வேலை?"

அவள் சொன்னால் செய்வாள். போன வருடம் அவருடைய பழைய ஸ்கூட்டரை அப்படித்தான் செய்தாள்.

வீட்டில் முள் இல்லாத இடத்தைச் சொல்வது சுலபம். சோபாவுக்கு அடியில் முள் கட்டும் தங்கூசி நரம்பு சிக்கலாகக் கிடந்தது. மிளகு டப்பாவில் ஈயக்குண்டு. ஃப்ரிட்ஜ் மேல் தக்கைகள். சாமி அலமாரியின் கீழ்த் தட்டில், விரால் பிடிக்கும் பச்சை ரப்பர் தவளை. இத்தனைக்கும் கலியமூர்த்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் ஒழுங்குமுறைப் பொறுப்பாளர். எந்தப் பொருளும் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில், பெயர் ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மற்றது போனாலும் போகட்டும். கோல் போகக் கூடாது. ஆறு வருடமாகக் கையில் இருக்கும் ஒன்பதடிக் கோல். எவ்வளவு எடைக்கு அதன் நுனி எவ்வளவு வளையும் என்று அவருக்குத் தெரியும். சரசாவின் செருப்பு அளவு தெரியாது. வருகிற ஞாயிறு மழை விட்ட முதல் ஞாயிறு. விரால் மேலே வரும்.

மறுநாள் வியாழக்கிழமை காலை, கோலை இரண்டாகக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி கம்பெனிக்குக் கொண்டுபோனார். உள்ளே வரும் எல்லாப் பைகளையும் சோதிக்கும்படி உத்தரவு போட்டவர் அவர்தான். அதனால் அவருடைய சாக்கை யாரும் சோதிக்கவில்லை.

டூல் ரூம் பொறுப்பில் இருந்த முகமது ஆசிக், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் அவருக்குப் பக்கத்தில் உட்காருபவன். சாக்கைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அண்ணாத்தே, இன்னா வேலை பண்ற நீ? நாளைக்கு ஆடிட்டு."

"மேல் ரேக்ல போட்டு வை."

"பேரு ஒட்டாத மூட்டைய எங்க பாத்தாலும் செவப்பு அட்டை தொங்க உட்டு எடுத்துனு போய்டணும்னு நோட்டீஸ் ஒட்னது யாரு?"

ஒட்டியது கலியமூர்த்தி. நோட்டீஸ் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அதை ஒரு முறை படித்தார். அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"ஆடிட்டரு எதைப் பாப்பாரு? ஒழுங்கா இல்லாதத்தான பாப்பாரு? ஒழுங்கா வெச்சா எவன் பாக்கப் போறான்? பலகை ஒண்ணு எடு."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மஞ்சள் ஸ்பாஞ்சில் கோலின் அளவுக்குப் பள்ளம் வெட்டினார்கள். ரீலுக்கு ஒரு பள்ளம். முட்களை எண் வாரியாகச் சின்ன டப்பிகளில் பிரித்தார்கள். பிறகு பெயர் ஒட்டினார்கள். கோலுக்கு 'இடுக்குச் சுத்தக் கோல், எண் 1'. முள்ளுக்கு 'சுருள் நீக்கும் கொக்கி'. தக்கைக்கு 'மட்டம் காட்டி'.

ஆசிக் தவளையைத் தூக்கிப் பிடித்தான். "இதுக்கு?"

கலியமூர்த்தி தவளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ரப்பர் அதிர்வு தாங்கி. பச்சை."

பலகையைச் சுவரில் மாட்டி, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருட வேலையில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கோளாறும் அங்கேதான்.

வெள்ளிக்கிழமை, பல்சக்கரம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் ராகவன் வந்தார். மெஷினுக்கு அடியில் எண்ணெய் கசிவதைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். வழியில் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். கூடவே நடந்த மேனேஜர் லோகநாதனுக்கு வியர்த்தது. டூல் ரூமுக்கு வந்ததும் ராகவன் பேனாவை மூடினார். கம்பெனி முழுவதிலும் பார்க்கும்படி இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

"இது என்ன மிஸ்டர் கலியமூர்த்தி?"

"மெஷின் பின்னாடி இடுக்குல விழுற இரும்புச் சுருளை எடுக்குறதுக்கு சார். கை போகாத இடம்."

"பிரமாதம்" என்றார் லோகநாதன். அவர் அதை அப்போதுதான் பார்க்கிறார்.

"செஞ்சு காட்டுங்களேன்" என்றார் ராகவன்.

ஆசிக் கோலை எடுத்து ரீலைப் பொருத்தினான். நரம்பைக் கோர்த்தான், கொக்கியைக் கட்டினான். எல்லாம் அரை நிமிடம். பழைய கடைசல் மெஷின் முன்னால் நின்றான். மெதுவாக உள்ளே விட்டிருந்தால் போதும். பழக்க தோஷம். கோலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் மணிக்கட்டைச் சுண்டினான். கொக்கி லோகநாதனின் காதை ஒட்டிப் பறந்து, மெஷினுக்குப் பின்னால் போய் எதிலோ மாட்டியது. கோல் வளைந்தது.

"இழுக்காத! இழுக்காத!" என்று கத்தினார் கலியமூர்த்தி. "லூசு குடு! ஓட உடு, அப்பறம் சுத்து!"

ராகவன் திரும்பினார். "எங்க ஓடும்?"

"...சுருளு சார்."

"இரும்புச் சுருள் ஓடுமா?"

"சிலது ஓடும் சார்."

ஆசிக் சுற்றினான். எண்ணெயில் ஊறிய ஒரு மூட்டை பஞ்சு வெளியே வந்தது. அதற்குள் ஒரு டிபன் பாக்ஸ். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆசிக் பழக்கத்தில் அதைக் கையால் தூக்கி எடை பார்த்தான்.

ராகவன் சிரிக்கவில்லை. தவளையின் பெயர்ச் சீட்டை நிதானமாகப் படித்தார். எண்ணெய்க் கசிவை எழுதிய பக்கத்துக்குப் போய் அதைக் கோடு போட்டு அடித்தார்.

"இது நல்ல முயற்சி. ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல வரும்."

லோகநாதன் கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்கிட்ட கூட சொல்லாம செஞ்சிருக்கீங்களேய்யா! இன்னிக்கே எல்லாத்துக்கும் கம்பெனி நம்பர் அடிங்க. சொத்துப் புத்தகத்துல ஏத்துங்க. பூட்டு போடுங்க. கையெழுத்து வாங்காம ஒரு கொக்கி வெளிய போகக் கூடாது."

"சார், கோலு நுனி கொஞ்சம் தேஞ்சிருக்கு. நாளைக்கு சர்வீசுக்கு எடுத்துனு போய் திங்கக்கெழம..."

"கம்பெனி சொத்தை வீட்டுக்கா? நீங்களே இப்படிப் பேசலாமா?"

ஆசிக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் ஷூவில் லேஸ் கிடையாது.

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆசிக்கிடம் இருக்கும். சனிக்கிழமை இரண்டாம் ஷிப்டு முடிந்ததும் வழி பிறக்கும். கலியமூர்த்தி அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ராகவன் மறுபடி பேசினார்.

"மத்த கம்பெனிகளுக்குக் காட்ட ஒரு சாம்பிள் வேணுமே."

"எல்லாமே எடுத்துக்கங்க சார்" என்றார் லோகநாதன்.

"மத்ததெல்லாம் வேணாம். கோல் மட்டும் போதும்."

"சார்" என்றார் கலியமூர்த்தி. "ஒண்ணே ஒண்ணுதான் கீது சார்."

"இன்னொண்ணு செஞ்சிக்கலாம்யா. நீங்கதான கண்டுபுடிச்சீங்க?" என்றார் லோகநாதன்.

வாயைத் திறந்தால், கோல் யாருடையது என்று சொல்ல வேண்டும். சொன்னால், தூண்டில் எப்படி உள்ளே வந்தது என்று சொல்ல வேண்டும். மெமோ வரும். அதைக் கணினியில் தட்டச்சு செய்து அனுப்புவதும் அவருடைய வேலைதான்.

பொருள் வெளியே போனால் கேட் பாஸ் வேண்டும். அதை எழுதுகிறவரும் அவர்தான். பொருள்: இடுக்குச் சுத்தக் கோல். எண்ணிக்கை: ஒன்று. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"திரும்பி வருமா, வராதா சார்?"

"சாம்பிள் எங்கய்யா திரும்பி வரும்? வராதுன்னு போடுங்க" என்றார் லோகநாதன்.

போட்டார். கையெழுத்தும் போட்டார்.

லோகநாதன் ராகவனை டீ சாப்பிட அழைத்துப் போனார். கலியமூர்த்தி கோலை இரண்டாகக் கழற்றினார். நுனிக்குப் பழந்துணி சுற்றினார். வாசலில் நின்ற ராகவனின் காரை நோக்கி நடந்தார். ஆசிக் கூடவே வந்தான். கேட்டில் செக்யூரிட்டி பாஸை வாங்கி, கோலைப் பார்த்து, மறுபடி பாஸைப் பார்த்து, முத்திரை குத்தினார்.

டிரைவர் அய்யாசாமி காரின் டிக்கியைத் திறந்தார்.

"நுனி அடிபடாம வைப்பா" என்றார் கலியமூர்த்தி.

அய்யாசாமி எட்டிப் பார்த்து டிக்கிக்குள் இடம் ஒதுக்கினார்.

"இருங்க சார், கரையான்சாவடி கம்பெனி மீன் கூடைய நகத்திக்கிறேன், ஐயப்பன்தாங்கல் கம்பெனி ரீலு வேற கீது... கோலு மட்டும் எந்த கம்பெனிலயும் ஆம்புடலியே, ஞாயித்துக்கெழம இன்னா பண்றதுன்னு ஐயா பொலம்பிகினே வந்தாரு சார்."