முறுக்குப் போத்தலில் ஒரு டாட்சன்

திருமணமான இருபத்து நான்கு ஆண்டுகளில் அம்புரோஸ் தம் மனைவியிடம் மறைத்த பொருள்கள் மூன்று. முதல் இரண்டும் சட்டைப் பைக்குள் அடங்கின. மூன்றாவதற்கு நான்கு சக்கரங்கள் இருந்தன.

அது 1976-இல் செய்த டாட்சன் கார். பத்திரத்தில் பச்சை என்று எழுதியிருந்தது, பார்த்தால் துரு. மலேசியாவில் காப்பார் ஊரில் தம்புசாமி என்ற பெரியவரின் கொட்டகையில், வாழைத்தார்களுக்கும் ஒரு செத்துப்போன ஐஸ் பெட்டிக்கும் நடுவே நின்றது. அது ஓடிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அம்புரோஸ் முழுப் பணத்தையும் கொடுத்து அதை வாங்கிவிட்டார். பிறகுதான் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தார். பொதுவாக அவர் யோசிக்கும் வரிசை அதுதான்.

கிள்ளானில் அவர் வீட்டு வாசலில் முன்பு மூன்று பழைய கார்கள் நின்றதுண்டு. ஒன்று மோரிஸ். இன்னொன்று எஸ்கார்ட். மூன்றாவது என்ன கார் என்று பார்த்தவர் சொல்ல முடியாத அளவுக்கு அவர் கழற்றிவிட்டிருந்தார். கழற்றுவதில் அவர் மன்னர். பூட்டுவதில் குடிமகன்கூட இல்லை. அந்த மூன்றாவது காருக்குள் பூனை நான்காம் முறையாகக் குட்டி போட்ட அன்று, மகதலேனா தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே இந்த வாசல்ல ஓடாத கார் வந்தா, ஓடப்போறது நான்தான்."

பன்னிரண்டு வருடமாக அந்தத் தீர்ப்பை யாரும் மீறவில்லை. இப்போது டாட்சன் கிடைத்துவிட்டது. அதற்குமுன் அம்புரோஸ் கோடி அற்புதர் அந்தோணியாரிடம் ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். மலிவாக ஒரு டாட்சன் கிடைத்தால் நன்றிப் பூசை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அல்லவா, மூன்றே வாரத்தில் தந்துவிட்டார். மனைவியை ஏமாற்றலாம், புனிதரை ஏமாற்றக் கூடாது என்பது அம்புரோசின் கொள்கை. ஆனால் சொந்தக் கோயிலில் பூசைக்கான காணிக்கை உறையைக் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் யார் எதற்காக நன்றி சொல்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் வாசித்துவிடுவார்கள். ஆகவே காப்பார் பக்கம் ஒரு சின்னக் கோயிலைத் தேடிப் பிடித்து அங்கே உறையைக் கொடுத்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. உறைமேல் வழக்கமாக எழுதுவதை எழுதினார், கடன் தீர்ந்தது.

தீராதது கொட்டகைதான். தம்புசாமி தொலைபேசியில் அழைத்து, மாதக் கடைசியில் மகன் லோரி வாங்குகிறான், இடம் வேண்டும், அதற்குள் காரை எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரன் எடுப்பான் என்று அமைதியாகச் சொன்னார்.

அம்புரோசுக்கு அந்தக் காரை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்து, கடற்கரைச் சாலையில் ஒரே ஒரு தடவை. அதற்கு மகதலேனா சம்மதிக்க வேண்டும். அவர் கேட்டால் சம்மதிக்க மாட்டார். வேறு யார் கேட்டால் சம்மதிப்பார்?

கேரன்.

கேரனுக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, முடிவுக்காக வீட்டில் காத்திருந்தாள். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற பெண். ஐஸ் பெட்டிக் கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்க்க, ஆறு வயதில் அப்பாவின் கைத்தொலைபேசியைப் படம்பிடிக்க விட்டு இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்து மூடியவள். விளக்கு அணைந்தது. தொலைபேசியும்தான்.

அம்புரோஸ் ஒரு பழைய புகைப்படத்தை மேசைமேல் மறந்து வைத்தார். பதினேழு வயது அம்புரோஸ் ஒரு காரில் சாய்ந்து நிற்கும் படம்.

"யார் கார் டேடி இது?"

"என்னோடதுதான். ஒன் வயசுல வாங்குனேன். சும்மா கொடுத்த மாதிரி வெலை. நானே ரிப்பேர் பண்ணி ஓட்டுனேன்."

"என்ன கெட்டுப் போயிருந்துச்சு?"

"எல்லாமே லா."

"மொதல்ல எதைக் கழட்டுனீங்க?"

இந்தக் கேள்வியை அம்புரோஸ் எதிர்பார்க்கவில்லை. "போல்ட்ட," என்றார். கேரன் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

உண்மையில் அந்தக் கார் பக்கத்து வீட்டு விஜயனுடையது. அம்புரோஸ் படத்துக்காகச் சாய்ந்தார். சாய்ந்ததற்கே விஜயன் திட்டினார்.

ஆனால் விதை முளைத்துவிட்டது. ஒரே வாரத்தில் கேரன் பழைய கார்களைப் பற்றி இணையத்தில் கிடைத்ததை எல்லாம் படித்தாள். அடுத்த ஞாயிறு, இடியப்பம் சாப்பிடும்போது, தானே ஒரு பழைய காரை வாங்கிச் சரிசெய்து பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்புரோஸ் தேங்காய்ப் பாலில் முகத்தை மறைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மகதலேனா கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"செய்யேன். நல்லதுதானே," என்றார். "ரெண்டே கண்டிஷன். கார் என் பேர்ல இருக்கும். வேலைய நீதான் செய்யணும். டேடி வாயால சொல்லலாம், கையால தொடக்கூடாது."

அம்புரோஸ் தியாகி மாதிரித் தலையசைத்தார். வலை வீசாமலே மீன் துள்ளி விழுந்தால், மீனவன் முதலில் வலையை அல்ல, மீனைத்தான் சந்தேகப்பட வேண்டும். அம்புரோசுக்குக் காப்பாரில் மீன் வாங்கிப் பழக்கம் உண்டு, பிடித்துப் பழக்கமில்லை.

அன்று மாலையே அவர் தம்புசாமிக்கு நாடகத்தை விளக்கினார். மகள் வருவாள். கார் உங்களுடையது மாதிரி விலை சொல்லுங்கள். நான் கொடுத்த அதே விலை. அவள் தரும் பணத்தைப் பிறகு என்னிடம் தந்துவிடுங்கள். தம்புசாமி நல்ல மனிதர். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

சனிக்கிழமை காப்பார் பக்கம் போகும்போது, "அட, அங்க ஒரு டாட்சன் மாதிரி தெரியுது," என்று அம்புரோஸ் வியந்தார். கொட்டகை சாலையிலிருந்து தெரியாது என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

கேரன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டாள். மகதலேனா விலை கேட்டார். தம்புசாமி அம்புரோசைப் பார்த்தார்.

"என்ன வெலை அண்ணே?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு," என்று அம்புரோசிடம் சொன்னார் தம்புசாமி.

"என்னப் பாத்துச் சொல்லுங்கண்ணே. இவரு வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. சும்மா கூட வந்தவரு." மகதலேனா கதவைத் திறந்தார். கதவு கையோடு வந்தது. "கதவோட சேத்தா இந்த வெலை?"

பேரம் கால்மணி நேரம் நடந்தது. ஒவ்வொரு படியிலும் தம்புசாமி அம்புரோசைப் பார்த்தார். அம்புரோஸ் இருமினார். இருமலுக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைக்காததால், தம்புசாமி ஒவ்வோர் இருமலுக்கும் இருநூறு குறைத்தார். அம்புரோசுக்கு இருமல் அதிகமானது. கடைசியில் கார் எழுநூறு வெள்ளிக்கு முடிந்தது. ஒரு வாழைத்தாரும் இனாம்.

"இருமலுக்கு மருந்து வாங்கிக்கங்க," என்றார் மகதலேனா, காரில் ஏறும்போது.

போனது ஆயிரத்து எண்ணூறு. பரவாயில்லை, கார் வாசலுக்கு வந்துவிட்டதே என்று அம்புரோஸ் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் அவருக்குப் புதிது. கேரன் எதையும் அவசரமாகக் கழற்றவில்லை. ஒன்றைக் கழற்றுமுன் படம் எடுத்தாள். கழற்றிய திருகுகளைச் சிவப்பு மூடி போட்ட முறுக்குப் போத்தல்களில் போட்டு, எந்த இடத்துத் திருகு என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினாள். கிறிஸ்மஸ் பலகாரத்துக்கென்று மகதலேனா சேர்த்து வைத்திருந்த இருபத்தாறு போத்தல்களும் வாசலில் வரிசையாக நின்றன. அம்புரோஸ் இரண்டு தடவை முறுக்கு என்று நினைத்துக் கையை விட்டார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை டார்ச் லைட் பிடிப்பது. அதுவும் கையால் தொடுவதுதானே என்று கேட்டுப் பார்த்தார். காரைத் தொடாதவரை சரி என்று தீர்ப்பு வந்தது.

ஒரே ஒரு தடவை விதியை மீறினார். கேரன் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஸ்டியரிங்கில் இருந்த ஹார்னைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினார். ஒரு திருகு மிச்சமானது. அன்று முதல் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹார்ன் தானாகக் கத்தியது. கேரன் மிச்சத் திருகை ஒரு போத்தலில் போட்டு, 'டேடி' என்று எழுதி ஒட்டினாள். அந்த ஹார்னை மட்டும் சரிசெய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று மகதலேனா சொல்லிவிட்டார்.

ஏழாவது வாரம் இன்ஜின் கிளம்பியது. மூவரும் கை தட்டினார்கள். நான்கு நிமிடத்தில் நின்றது. கொஞ்சம் பொறுத்துக் கிளப்பினால் மறுபடி ஓடியது. மறுபடி நான்கு நிமிடத்தில் நின்றது. கேரன் ஒன்பது தடவை நேரத்தைக் குறித்தாள். ஒன்பதும் ஏறக்குறைய நான்கு நிமிடம்.

அம்புரோஸ் வாயால் சொன்னார். முதல் நாள் பேட்டரி என்றார். அடுத்த நாள் பிளக் என்றார். மூன்றாம் நாள், கார் கோபமாக இருக்கிறது என்றார். கேரன் முதல் இரண்டையும் மாற்றிப் பார்த்தாள். மூன்றாவதற்கு உதிரிப் பாகம் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் அவள் சோர்ந்துபோய் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். மகதலேனா தேநீருக்குப் பால் டின்னை எடுத்து, கத்தி முனையால் ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தார். பால் ஒரு சொட்டு வந்து நின்றது. எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டார். நூல் மாதிரி ஒழுகியது.

"ஏம்மா ரெண்டு ஓட்டை?"

"ஒண்ணுல பால் வரும். இன்னொண்ணுல காத்துப் போவும். உள்ள காத்துப் போவலன்னா வெளிய பால் வராது."

கேரன் தேநீரைத் தொடாமல் எழுந்து வாசலுக்குப் போனாள். பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்தாள். உஸ் என்று உள்ளே காற்று இழுத்தது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை. அதற்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஊசியால் குத்தி எடுத்தாள். கார் நாற்பது நிமிடம் ஓடியது. அவர்களாகவே நிறுத்தினார்கள்.

"அதத்தானே நான் மொதல்லேர்ந்து சொல்றேன்," என்றார் அம்புரோஸ்.

கேரன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "இல்ல டேடி. எழுதல."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. கார் பச்சை நிறத்துக்குத் திரும்பியது. சோதனையில் தேறியது. தம்புசாமி வந்து கைநாட்டு வைத்து அதை மகதலேனா பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். கேரன் புதிதாக எடுத்த லைசென்சுக்கு அடையாளமாகக் கண்ணாடியில் 'பி' எழுத்தை ஒட்டினாள். அம்புரோஸ் ஒரு நல்ல சட்டையைத் தேய்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தம் நாள் என்று அவருக்குத் தெரியும். பூசை முடிந்து வரும் வழியில், சாலை காலியாக இருக்கும்போது, மெதுவாகக் கேட்க வேண்டும்.

ஞாயிறு காலை மகதலேனா சொன்னார்: "கார் கெடைச்ச ஊர்லயே போயி நன்றி சொல்லுவோம். காப்பார்ல ஒரு சின்னக் கோயில் இருக்காம்."

அம்புரோஸ் சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டினார். இங்கேயே அந்தோணியார் இருக்கிறாரே என்று சொல்லிப் பார்த்தார். தம்புசாமி அண்ணனுக்குப் பலகாரமும் கொடுத்துவிட்டு வரலாம் என்றார் மகதலேனா. கேரன் ஓட்டினாள்.

கோயிலில் கண்ணாடி போட்ட ஓர் அக்கா வாசலிலேயே மகதலேனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பள்ளித் தோழிகள் போலச் சிரித்தார்கள். பள்ளித் தோழிகள்தான் என்பது அம்புரோசுக்கு அப்புறம் தெரிந்தது. பூசைக்கு முன்னால் அந்த அக்காவே ஒலிபெருக்கிக்கு வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, யார் யாருக்காக எதற்காகப் பூசை என்ற கருத்துகளை வாசித்தார். இறந்தவர்கள் முடிந்து, நோயாளிகள் முடிந்து, நன்றிகள் வந்தன.

"நல்லபடியாகக் கார் ஓடியதற்கு நன்றியாக, கேரன், மகதலேனா. இந்தக் காரை எப்போது வாங்கினோம் என்ற, காணாமல் போன ஞாபகம் திரும்பக் கிடைக்க, கோடி அற்புதர் அந்தோணியாரிடம் மன்றாடி, அம்புரோஸ்."

கேரன் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அம்புரோஸ் அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்தார். அவர் குழந்தை இயேசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடியும்வரை அம்புரோஸ் பொறுத்தார். வெளியே வந்ததும், எப்போது தெரியும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒங்க உறைய இங்க வாசிச்ச அன்னிக்கே. பூசை முடிஞ்ச கையோட போன் வந்துச்சு. புதுக் காரா லேனா, சொல்லவே இல்லையேன்னு."

"எப்படி? என்னை இங்க யாருக்கும் தெரியாதே."

"ஒங்களத் தெரியாது. என்னத் தெரியுமே." மகதலேனா கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார். அம்புரோசின் கையெழுத்து. இருபத்து நான்கு வருடப் பழக்கத்தில், எந்தக் கோயில் உறையிலும் எழுதுவதைத்தான் எழுதியிருந்தார்: 'கார் கிடைத்ததற்கு நன்றி. அம்புரோஸ் - மகதலேனா குடும்பம், கிள்ளான்.'

"என் பேரப் போட்டுத்தானே நன்றி சொல்லியிருக்கீங்க," என்றார் மகதலேனா. "அப்ப கார் என்னுதுதானே. அதான் என் பேர்லயே மாத்திக்கிட்டேன்."

அம்புரோசிடம் கார் இல்லை. ஆனால் ஆசை இருந்தது. தேய்த்த சட்டை கசங்குவதற்குள் கேட்டுவிட்டார். கடற்கரை வரைக்கும், ஒரே ஒரு தடவை, ஓட்டட்டுமா?

கேரன் அம்மாவைப் பார்த்தாள். மகதலேனா முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

"தாராளமா ஓட்டுங்க. கண்டிஷன் ஞாபகம் இருக்குல்ல. வாயால மட்டும்."

அம்புரோஸ் பின் சீட்டில் ஏறினார். தம்புசாமிக்கு எடுத்து வந்த பலகாரப் பையிலிருந்து, மனத்தைத் தேற்ற, ஒரு முறுக்குப் போத்தலை எடுத்துத் திறந்து கையை விட்டார். உள்ளே ஒரே ஒரு திருகு இருந்தது.