ஆளப் பிறந்த தோள்

மடைவள நாட்டில் ஒரு காலத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தது. மக்கள் குடத்தில் ஓலை போட்டு அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீரபுயர் பட்டத்துக்கு வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. அவருக்குத் தோள் மிகவும் அகலம். வாசல்களில் பக்கவாட்டாகத்தான் நுழைவார். அரண்மனையின் உடலியல் பேராசான் நாடிநாதர், காட்டுக்குப் போய்க் குரங்குகளைக் கவனித்துவிட்டு வந்து சபையில் எழுந்து நின்றார்.

"கூட்டத்தில் தோள் அகன்ற ஆணே தலைவன். எந்தக் குரங்கும் ஓலை போடுவதில்லை. ஆகவே தேர்தல் இயற்கைக்கு விரோதம்."

மந்திரிகள் கைதட்டினார்கள். குரங்குகள் வரி வாங்குவதும் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியவர்களுக்குக் குடும்பம் இருந்தது.

அன்று முதல் நாட்டில் எல்லாவற்றுக்கும் உடம்பே காரணமாயிற்று. ஏழை ஏழையாக இருப்பது குடல் சிறுத்ததால். வாத்தியார்கள் சம்பளம் கேட்டால் அது கல்லீரல் கோளாறு. கஷாயம் கொடுத்து அனுப்பினார்கள். கஷாயம் மட்டும் நாட்டில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.

இந்த நிலையில்தான் அரசரின் மைத்துனர் கோடைநம்பி பெரிய ஏரியின் மடையை அடைத்து, தண்ணீர் முழுவதையும் தன் கரும்புக்குத் திருப்பிக்கொண்டார். கீழ்வயல் முழுக்க நெல் பால் பிடிக்கிற பருவம். இன்னும் சில நாள் தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் பதர். கீழ்வயல்காரி வேம்பாயி சபைக்கு வந்தாள்.

"மகாராசா, பயிரு காயுதுங்க. மடையத் தொறந்து விடச் சொல்லுங்க. இந்த வெள்ளாமை போச்சுன்னா எங்க ஊரே பொழைக்கப் பரதேசம் போகணும்."

அரசர் நாடிநாதரைப் பார்த்தார். நாடிநாதர் வேம்பாயியின் நாடியைப் பார்த்தார்.

"இது தண்ணீர்ப் பிரச்சினை அன்று, வேந்தே. பித்தம்."

"பித்தம் எனக்குத்தானுங்களே? பயிருக்கு என்னங்க?" என்றாள் வேம்பாயி.

"மைத்துனர் செய்ததில் பிழை ஏதும் உண்டோ?" என்று அரசர் கேட்டார்.

"அணுவளவும் இல்லை. வலிய விலங்கு நீர்த்துறையைப் பிடித்துக்கொள்வது இயல்பு. இயல்பாகச் செய்தது குற்றமாகாது."

வாசகம் நன்றாக இருந்ததால் அன்றே அதைச் சட்டமாக்கி ஊரெங்கும் முரசறைந்தார்கள். வேம்பாயி கஷாயத்தோடு ஊர் திரும்பினாள். வழியில் முரசறைகிறவனை நிறுத்தி அந்தச் சட்டத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை கீழ்வயல் ஊரே கடப்பாரையோடு திரண்டு போய் மடையை உடைத்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்ததைப் பார்த்துக் கிழவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள்.

வேம்பாயியைச் சபையில் நிறுத்தினார்கள்.

"மடையை ஏன் உடைத்தாய்?"

"தாகமுங்க. தாகம் எடுத்த மாடு வேலிய முட்டாதுங்களா? அதோட இயல்பு."

அரசரின் முகம் சிவந்தது. "பேராசானே, இவளுக்கு என்ன தண்டனை?"

நாடிநாதர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "தாகம் இயல்பென்று அடியேனே ஒரு நூல் எழுதியிருக்கிறேன், வேந்தே."

அரசர் படைத்தலைவரை அழைத்து மடையை மறுபடி அடைக்கச் சொன்னார். படைத்தலைவர் சாளரம் வழியே எட்டிப் பார்த்தார். அரண்மனையைச் சுற்றிலும் கூட்டம். அதில் பாதிப்பேர் அவருடைய வீரர்களின் உறவுக்காரர்கள்.

"பெருங்கூட்டத்தைக் கண்டால் சிறு கூட்டம் பின்வாங்குவது உயிர்களின் இயல்பு, வேந்தே" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவர் பின்வாங்கினார். அவருக்குப் பின்னால் மந்திரிகள் வரிசை குலையாமல் பின்வாங்கினார்கள். தோற்ற ஆண் கூட்டத்தைவிட்டு விலகிப்போவதும் இயல்புதான் என்று முதல்மந்திரி வாசலில் நின்று நினைவூட்டினார். பொழுது சாய்வதற்குள் வீரபுயர் மாமனார் ஊருக்கு வண்டி கட்டினார். வண்டியிலும் பக்கவாட்டாகத்தான் ஏறினார்.

கீழ்வயலில் நெல் முற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் நாடிநாதர் வரப்பு வழியாக வந்தார். பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டியிருந்தார். வேம்பாயி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, நம் ஆய்வில் சிறு திருத்தம் நேர்ந்திருக்கிறது. ஆளும் உறுப்பு தோள் அன்று, காது மடல். மடல் நீண்ட பெண் யானைதான் கூட்டத்தை நடத்துகிறது. தங்கள் மடலைச் சபையிலேயே கவனித்தேன். அது ஆளப் பிறந்த மடல். தேர்தலெல்லாம் எதற்கு வீண் சிரமம்?"

வேம்பாயி வயல் அதிரச் சிரித்தாள். "வேற வேல இல்லையா சாமி ஒங்களுக்கு? அடுத்த மாசம் ஓல போடுறோம். நீங்களும் வந்து ஒண்ணு போட்டுட்டுப் போங்க."

நாடிநாதர் ஆழமாகக் கும்பிட்டுவிட்டு நடந்தார். அவர் வரப்பு திரும்பி மறைகிற வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வாய்க்கால் தண்ணீரில் குனிந்து காதைப் பார்த்தாள். கொஞ்சம் நீளமாகத்தான் தெரிந்தது.