ஆறு கட்டை

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்: அந்த வழிகாட்டியை எழுதியது நான்தான். ஆனால் பிழை என்னுடையது அல்ல. இந்த இரண்டு வசனங்களையும் எங்கள் வீட்டில் அடுத்தடுத்துச் சொல்ல முடியாது. முதலாவது முடிந்ததுமே சிரிக்கத் தொடங்கி விடுகிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், வகுப்புப் பெற்றோர் சிலர் சேர்ந்து, ஆக்லாந்துக்குத் தெற்கே மலை மேலுள்ள ஓர் ஏரிக்கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்குவதென்று தீர்மானித்தோம். மூன்று வாகனம், பன்னிரண்டு பேர். ஏற்பாடு என் பொறுப்பு. மழை பெய்த நாள், ரயர் மாற்றிய நாள், பக்கத்து வீட்டார் வேலிக்குப் பெயின்ற் அடித்த நாள் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்து வைக்கிற மனிதன் நான். நாலு பக்கத்தில் வழிகாட்டி ஒன்று தயாரித்தேன். நல்ல தமிழில்.

“அப்பா, ஜஸ்ட் சென்ட் எ பின்,” என்றாள் மகள். கைபேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்பினால் போதுமாம்.

தமிழ் படிப்பிக்கிறவனே தமிழில் வழி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்று கேட்டேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மலைப் பாதையில் கைபேசி வேலை செய்யாது என்பதால், முடிவில் தடித்த எழுத்தில் ‘இந்தத் தாளை மட்டும் நம்பவும்’ என்றும் போட்டேன். (இந்த வரியைப் பிறகு எத்தனை பேர் எனக்கே வாசித்துக் காட்டினார்கள் என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறேன்.)

சர்ச்சைக்குரிய பகுதி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதை அப்படியே தருகிறேன்: ‘பெற்றோல் நிலையத்திலிருந்து ஆறு கட்டை. பாலம் வரும். தாண்டியதும் இடப்பக்கம் திரும்பவும். ஏரி தெரியும்.’

இதில் என்ன குழப்பம்? யாழ்ப்பாணத்தில் கட்டை என்றால் மைல். ரோட்டோரம் மைலுக்கு ஒன்றாக நட்ட கட்டையிலிருந்து வந்த சொல். ஆறு கட்டை என்றால் ஆறு மைல். அங்கே யாரும் என்ன மரத்துக் கட்டை என்று கேட்பதில்லை.

நானும் மனைவி றெஜினாவும் மகளும் மூன்று நாற்பதுக்கு ஏரியை அடைந்தோம். நாலு பத்துக்கு மணியத்தின் வான் வண்டி வந்தது. மணியம் ஈப்போக்காரர். ஐந்து பேரோடு இறங்கியவர், “கரெக்டா ஆறு கட்டை அண்ணே. எங்க மலேசியாவுலயும் அப்படித்தான் சொல்லுவோம்,” என்றார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

மூன்றாவது வாகனம் செந்திலுடையது. செந்தில் மதுரைக்காரர், ஆக்லாந்தின் மேற்கே மாசி என்ற இடத்தில் வீடு, எல்லர்ஸ்லியில் கணினி வேலை. அவரிடம் பின்பக்கம் திறந்த பெரிய வண்டி இருந்ததால், நான்கு கூடாரங்களையும் அதில்தான் ஏற்றியிருந்தோம். ஐந்து மணிக்கும் அவர் வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. மலை உச்சியிலிருந்து கருமேகம் இறங்கத் தொடங்கியது. கூடாரம் வராவிட்டால் ஒன்பது பேரும் இரண்டு வாகனத்துக்குள் இருந்தபடியே விடிய வேண்டும்.

“இஞ்சருங்கோ, நீங்கள் எழுதினது அந்த மதுரைப் பிள்ளைக்கு விளங்கியிருக்குமோ?” என்றாள் றெஜினா.

“தமிழ் தெரிஞ்ச ஆருக்கும் விளங்கும்,” என்றேன்.

ஆறே முக்காலுக்கு மணியமும் நானும் வானில் தேடப் புறப்பட்டோம். கீழே இறங்கி வருகையில், பெற்றோல் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு சிறிய பாலம். (வரும்போது அதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியம் ஏது? ஆறாவது மைலில் இருக்கிற பாலம்தானே பாலம்.) அதையொட்டிய மண் பாதையில் செந்திலின் வண்டி நின்றது. உள்ளே ஓர் ஆட்டுப் பண்ணை. நடுவில், தாராக்கள் நீந்துகிற ஒரு குட்டை. குட்டையோரம் நான்கு கூடாரங்களும் கயிறு இழுத்து, முளை அடித்து, நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே ஆறு விறகுக் கட்டைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன.

“என்ன சார் இவ்ளோ லேட்டு?” என்றார் செந்தில்.

நான் தாளை நீட்டினேன். “தம்பி, ஆறு கட்டை எண்டு எழுதியிருக்கிறன்.”

“ஆமா சார். பெட்ரோல் பங்க்ல ஆறு கட்டை வாங்கணும்னு போட்டிருந்தீங்க. அங்க மூட்டையாத்தான் விக்கிறாங்க, பன்னெண்டு இருந்துச்சு. சார் ஆறுன்னா ஆறுதான், கணக்கு தப்புனா திட்டுவாருன்னு, மூட்டையைப் பிரிச்சு மீதியை பங்க் கடைப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டு வந்தேன்.”

“இது ஏரியோ?”

“கோடைல எங்க ஊரு ஏரி இதைவிடச் சின்னது சார்.”

மணியம் வானின் பின்னால் போய் நின்று சிரித்தார். (மறைவில் சிரித்தால் மரியாதை என்று நினைப்பு.) செந்திலின் மனைவி கவிதா, “நான் அப்பவே கேட்டேன் சார், ஆட்டுப்பட்டிலயா கேம்ப்புன்னு. இவருதான் ‘இந்தத் தாளை மட்டும் நம்பவும்’னு வாசிச்சுக் காட்டுனாரு,” என்றார்.

அந்த நேரத்தில் பண்ணைக்காரப் பெண்மணி நாய் சகிதம் வந்தார். இங்கே யார் பொறுப்பு என்று கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கினேன். ஆறு மைல் என்றதும் அவர், ஓ, நீங்கள் தேடுவது மேலேயுள்ள ஏரியை, பெற்றோல் நிலையத்திலிருந்து சரியாக ஆறு மைல் என்றார். கவனியுங்கள்: ஆடு வளர்க்கும் வெள்ளைக்காரிக்கு விளங்கியது.

கூடாரங்களைப் பிடுங்கி மேலே கொண்டுபோவோம் என்றேன். முதல் மழைத்துளி என் கண்ணாடியில் விழுந்தது. “கூடாரம் அடிச்சாச்சு, விடுங்க லா,” என்றார் மணியம். பண்ணைக்காரியும் இரவு அங்கேயே தங்கலாம் என்றார். ஆக, மாதக்கணக்காய்த் திட்டமிட்ட ஏரியிலிருந்து எல்லோரையும் கீழே கூட்டிவந்து, ஆட்டுப் புழுக்கை நடுவே படுத்தோம். கூடாரம் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதுவும் செந்திலுக்கு நல்ல பெயராகிவிட்டது.

காலையில் மேலே போய்விடுவோம் என்றேன். பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளுக்குப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் இரவும் அங்கேதான்.

அதன்பின் எங்கள் வட்டத்தில் தூரம் என்றாலே விறகுதான். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போக ஐந்து விறகு என்கிறாள். றெஜினாகூட, தேவாலயம் அரை விறகுதானே, நடந்தே போவம் என்கிறாள்.

போன தவணைச் சோதனையில் ‘தூரம்’ என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதச் சொல்லியிருந்தேன். செந்திலின் மகள் எழுதியிருந்தாள்: ‘எங்கள் வீட்டிலிருந்து ஆசிரியர் வீட்டுக்கு உள்ள தூரம் பதின்மூன்று விறகு.’

சிவப்புப் பேனையோடு நெடுநேரம் இருந்தேன். இலக்கணப் பிழை இல்லை. எழுத்துப் பிழை இல்லை, வல்லின றகரம்கூடச் சரி. அன்று பின்னேரம் மாசிக்குக் காரில் போய் அளந்தும் பார்த்தேன். பதின்மூன்றுதான்.

பத்துக்குப் பத்து, முழுப் புள்ளி போட்டேன். வேறென்ன செய்ய?