தாம்பாளத்தோடு போன ஆய்வுக் கட்டுரை

ஒரு சாயப்பட்டறை ஊர்க் கிணறுகளைக் கெடுக்கிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு, அதே பட்டறை முதலாளி வீட்டுக்கு வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு போய் முறையாகச் சொல்லிவிட்டு வந்த ஆராய்ச்சியாளர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்குப் பக்கத்தில் பழப்பையைத் தூக்கிக்கொண்டு நின்ற பாவி நான். அன்றைய அதிர்ச்சி இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

பீளமேட்டில் எங்கள் ஆராய்ச்சி மாணவர் விடுதியில் அவருக்குப் பெயர் சொந்தக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயரை விடுதி வார்டன்கூட மறந்துவிட்டார். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். யாரைப் பார்த்தாலும் "ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று ஆரம்பிப்பார். அடுத்தது, "அம்மாவுக்கு எந்த ஊருங்க?" டீ ஆறுவதற்குள் எதிராளி அவருக்கு மச்சானோ சித்தப்பாவோ ஆகியிருப்பார். ஒருமுறை எங்களோடு மல்லுக்கு நின்ற பஸ் கண்டக்டர், நாங்கள் இறங்கும்போது "அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க மாமா" என்று கையசைத்ததைப் பார்த்து வாயடைத்துப் போனேன். நான் தஞ்சாவூர்ப் பக்கம். எவ்வளவு துருவியும் என்னிடம் மட்டும் அவருக்கு ஒரு சொந்தமும் அகப்படவில்லை. அதனால் என்மேல் அவருக்கு நிரந்தரமான பரிதாபம்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். பவானிப் பக்கம் மூன்று சாயப்பட்டறைகளை விரிவாக்கும் முன், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அக்கம்பக்கக் கிணறுகளுக்கு ஒரு பாதிப்பும் வராது என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். சில வருஷம் கழித்து இவர் போய் அந்தக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார். வாயில் வைக்க முடியாத உப்பு. இதைக் கட்டுரையாக்கி, இந்தத் துறைக்கென்றே நடக்கிற ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டால்தான் அவருக்கு டாக்டர் பட்டம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசமோ முடியப் போகிறது. தவறினால் இத்தனை வருஷ உழைப்பும் தண்ணீரோடு போச்சு.

கட்டுரையை இணையத்தில் ஏற்றும்போது ஒரு கட்டம் வரும். எழுதுகிற விஷயத்தில் உங்களுக்கு உறவோ ஆதாயமோ உண்டா என்று கேட்பார்கள். நாங்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போகிற கட்டம் அது. சொந்தக்காரர் அதன் முன்னால் காலையில் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்த எனக்குத் தலை சுற்றியது. முதல் பட்டறைக்காரர் பங்காளி. இரண்டாவது பட்டறைக்காரரின் மருமகள், பெரியம்மாவின் பேத்தி. கெட்டுப்போன கிணறுகளில் ஒன்று சித்தி வீட்டுக் கிணறு. அறிக்கை தயாரித்த பொறியாளர் ஒன்றுவிட்ட தம்பி. கட்டுரையைவிட உறவுமுறை நீளமாக இருந்தது.

"என்னங்க இது, கல்யாணப் பத்திரிகையா?" என்றேன்.

"இருக்கறதத்தானுங்க கேக்கறாங்க? இல்லீன்னு எப்படிங்க எழுதறது?"

"பேசாம இல்லைன்னு போடுங்க. அவங்க என்ன பவானிக்கு வந்து விசாரிக்கவா போறாங்க?"

அவர் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போலப் பார்த்தார். "மூணாவது பட்டறை எங்க மாமனுதுங்க. அம்மாகூடப் பொறந்தவரு. என்னயத் தோள்ல உக்கார வெச்சுத் தேரு காட்டுனவரு. அவருக்குச் சொல்லாம அனுப்பிப்போட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவரு ஊட்டுக்குப் போறதுங்க? கல்யாணப் பத்திரிகை தபால்ல போனாலே கோவிச்சுக்குவாங்க. இது அதவிடப் பெருசுங்க. நேர்ல போயிச் சொல்லோணும்."

சொன்னபடியே கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

தாம்பாளத்தைப் பார்த்ததும் மாமாவுக்கு முகமெல்லாம் பல். "வா மாப்ள, வாங்க தம்பி! பொண்ணு முடிவாயிருச்சா? எந்த ஊரு?"

"பொண்ணில்லீங்க மாமா. கட்டுரைங்க" என்று சொந்தக்காரர் பவ்யமாகத் தட்டை நீட்டினார். "உங்க பட்டறைத் தண்ணி கெணத்துல எறங்கியிருக்குதுங்க. அத எழுதியிருக்கறனுங்க. வெளிநாட்டுல போடுவாங்க. நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்க."

நான் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். மாமா தட்டிலிருந்த காகிதத்தை எடுத்துப் புரட்டி, ஓர் அட்டவணையில் நின்றார்.

"பேரு போட்டிருக்கறயா?"

"இல்லீங்க. ஏ, பி, சின்னுதான் போட்டிருக்குதுங்க. நீங்க சி."

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "ஏன்டா, பங்காளி மொதல்ல, தாய்மாமன் கடேசியிலயா? எந்தக் கல்யாணப் பத்திரிகையிலடா தாய்மாமன் பேரக் கீழ போடுவாங்க?"

ஊர்த் தண்ணீரைக் கெடுத்தார் என்று சொன்னதற்கு வராத கோபம், வரிசைக்கு வந்திருந்தது.

"மாமா, மேல இருக்கறவங்கதானுங்க ரொம்ப அழுக்கு உடறவங்க."

மாமா அட்டவணையை மறுபடி மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். "அப்பச் செரி. கீழயே இருக்கட்டும்" என்றார். பிறகுதான் முழு விஷயமும் உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "இருந்தாலும் இத அனுப்பாத மாப்ள. நாலு பேரு என்னயப் பத்தி என்ன பேசுவாங்க?"

சொந்தக்காரர் "நீங்க சொன்னதக் கேட்டுக்கறனுங்க மாமா" என்று எழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பட்டம் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பவானி பஸ் நிலையத்தில் உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் திறந்தார். "உங்க போனுல இருந்து நெட்டுக் குடுங்க. அனுப்போணும்."

தூக்கிவாரிப் போட்டது. "அனுப்பாதேன்னு இப்பதானேங்க சொன்னாரு?"

"சொல்றதுதானுங்க முறை. சொல்லிப்போட்டேன். அனுப்பட்டுமான்னு நான் கேக்கவே இல்லீங்களே. அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிக்கறவங்களும் எனக்குச் சொந்தந்தானுங்க."

பொத்தானை அழுத்தினார். கோவை வரும் வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர்கூட விசாரிக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரையோடு தவறுதலாக உங்கள் குடும்ப வரலாறும் சேர்ந்து வந்துவிட்டது, நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார் ஆசிரியர். தவறுதல் இல்லை என்று இவர் பணிவோடு பதில் எழுதினார். கடைசியில் அதை ஒரே வரியாகச் சுருக்கிக் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். பட்டம் பிழைத்தது. மாமா இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பட்டத்துக்குக் கடைசிப் படியான வாய்மொழித் தேர்வுக்குச் சொந்தக்காரர் மறுபடி தாம்பாளத்தோடு போய் மாமாவை அழைத்தார். இந்த முறை நான் துணைக்குப் போகவில்லை, எனக்கு அவ்வளவு நெஞ்சுரம் கிடையாது. ஆனால் மாமா வந்தே விட்டார். வெள்ளை வேட்டியோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, புரியாத ஆங்கிலத்தை அசையாமல் கேட்டார். பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று தேர்வாளர் சொன்னதும் அவர் எழுந்து நின்றார்.

"பட்டறையில சுத்தம் பண்ற தொட்டி கட்டிப்போட்டேன் மாப்ள. மறுக்கா எப்ப வந்து தண்ணி எடுக்கறே?"

சொந்தக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படிக் கேட்பவர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த தேர்வாளர், மாமாவிடம் எந்தப் பல்கலைக்கழகம் என்று விசாரித்தார்.

நானும் இப்போது ஒரு கல்லூரியில் வாத்தியார். போன மாதம் ஓர் ஆய்விதழ், எழுதியவர் பெயரை மறைத்து ஒரு கட்டுரையை அனுப்பி என் கருத்தைக் கேட்டது. சாயப்பட்டறைக் கிணறுகளில் தண்ணீர் கொஞ்சம் தேறியிருக்கிறது என்பது விஷயம். நடுவில் ஒரு வரி இருந்தது: 'முடிவுகள் பட்டறை உரிமையாளர்களுக்கு நேரில் சென்று தெரிவிக்கப்பட்டன.' தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

கட்டுரையின் மேல் கருத்துச் சொல்லும் முன் எனக்கும் அந்தக் கட்டம் வந்தது. எழுதியவரோடு உங்களுக்கு உறவு ஏதும் உண்டா? இத்தனை வருஷமாக 'இல்லை' என்று தட்டியே பழகிய விரல், முதல் தடவையாக 'உண்டு' என்று தட்டியது. என்ன உறவு என்று விளக்கச் சொன்னார்கள். 'எழுதியவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று எழுதி, கருத்து எதுவும் சொல்லாமல் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.