ஸ்டாருக்குள் வைத்த வைஃபை

என்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்று சொல்லித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் நான் செய்கிற வேலை என்னவென்றால், கடைகளில் பில் போடும் மென்பொருளில் எந்தப் பொத்தான் எந்த நிறத்தில் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது. இதற்கும் வீட்டு வைஃபைக்கும் உள்ள உறவு, பஸ் கண்டக்டருக்கும் இன்ஜினுக்கும் உள்ள உறவுதான். ஒரே வண்டியில் போகிறோம், அவ்வளவே. இதை முதலிலேயே என் மாமனாரிடம் வாய்திறந்து சொல்லியிருந்தால் பல பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. (எப்படிச் சொல்வது? புது மாப்பிள்ளை ஆயிற்றே.)

மாமாவுக்குக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம். வீடு ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே. என் மனைவி ஜெனி தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். நவம்பர் கடைசியில் மகள் பிறந்தாள். நான் பெங்களூரிலிருந்து ஓடிவந்து கையில் வாங்கியதும் அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் குழந்தையும் கையில் கிடைத்ததை அப்படித்தான் பிடிக்கும் என்று பிறகு நர்ஸ் சொன்னார். எனக்கு அப்போது அது தெரியாது. என்னைத்தான் போகாதே என்கிறாள் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன்.

அன்றைக்கே மேனேஜருக்குப் போன் போட்டு, மூன்று மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் சேலத்துக்காரர், இளகிய மனசு. ஆனால் இளகிய மனசுக்காரர்கள் நிபந்தனை போட மாட்டார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எங்கள் மென்பொருளை நான்தான் விளக்கிக் காட்ட வேண்டியிருந்தது. "நெட் அறுபடாம முடிச்சிட்டீன்னா அங்கேயே இரு. அறுந்துச்சுன்னா திங்கக்கிழமை காலைல உன் சீட்ல உன்னைப் பார்க்கணும்" என்றார். ஆக, மகளோடு இருப்பதா, பெங்களூர் பஸ் ஏறுவதா என்பதை வைஃபைதான் முடிவு செய்யும் என்றாகிவிட்டது.

அந்த வைஃபையோ ஷோகேஸுக்குள் இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் மச்சான் கொண்டுவந்து கொடுத்த சென்ட் பாட்டில்கள், தங்க முலாம் பூசிய காப்பிக் கூஜா, கண்ணாடிக் கப்பல் எல்லாவற்றுக்கும் நடுவே ரவுட்டரையும் கொலு வைத்திருந்தார்கள். முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு கல்சுவர். சாவி மாமியின் இடுப்பில். எனக்கு ஒதுக்கியிருந்த மாடி அறைக்கு வரும்போது சிக்னல் மூச்சிரைத்து ஒற்றைக் கோடாக நின்றது. வீடியோவில் எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். நாம் கீழே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தாலும் அந்த வாய் மூடியிருக்காது.

நான் சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன். அந்த வீட்டில் மாப்பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. (காப்பிக்குச் சீனி கொஞ்சம் கூடுதல் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதோடு வீட்டில் யாருக்குமே சீனி கிடைக்கவில்லை.) ரவுட்டரை ஃபிரிட்ஜ் மேல் வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். இரும்பு பீரோ மேல் வைக்கச் சொன்னேன், மாமா ஸ்டூல் போட்டு ஏறி வைத்தார். இரண்டு இடத்திலும், ஏற்கெனவே இருந்த ஒற்றைக் கோடும் போயிற்று. நான் சளைக்கவில்லை. ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன், ரவுட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும் என்று. வீட்டின் நடுவில் இருக்க வேண்டும் என்ற மூன்றாவது விஷயமும் அதே வீடியோவில் விளம்பரத்துக்குப் பிறகு வந்ததாம். விளம்பரம் வந்ததும் நான் மூடிவிட்டேன்.

உயரம், திறந்த வெளி. இரண்டும் உள்ள இடம் எது என்று யோசித்தபடி மாடி ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே மாமாவின் ஸ்டார் ஆடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் பிறந்தால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வீடு ஒன்றில்கூட ஸ்டார் இல்லாமல் இருக்காது. கடையில் வாங்குவதை மாமா கேவலமாக நினைப்பார். மூங்கில் சீவி, கலர் காகிதம் ஒட்டி, தானே கட்டுவார். அந்த வருஷம் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஆள் உயரத்துக்கே கட்டிவிட்டார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரும்புக் குழாய் நட்டு, அதில் கயிறு போட்டு, என் அறை வாசலுக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே பல்பு ஹோல்டர், அதன் பக்கவாட்டில் பிளக் மாட்டவும் வசதி. நெட் வயரும் தெருக் கம்பத்திலிருந்து அந்த மாடி வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்கியது, போட்டவர்கள் மிச்ச வயரை வளையமாகச் சுருட்டி அங்கேயே விட்டிருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும்?

ஜெனி படுக்கையில் இருந்தபடியே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் சும்மா கிடக்கிறதே, அங்கே வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டாள். அலைகள் எப்படிப் பரவுகின்றன என்று அவளுக்கு நான் நீண்ட விளக்கம் கொடுத்தேன். (பிளஸ் டூ இயற்பியலில் நான் கரையேறியது தேர்வுத்தாள் திருத்தியவரின் கருணையால்.) அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சரி என்றாள்.

மாமா ஸ்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஸ்டாரைப் பார்த்தார். "வச்சிரலாம் மாப்பிள" என்றார். அடுக்களைக்குப் போய் மாமியிடம், "ஸ்டாருக்க வயித்துல மோடமாம், கர்த்தாவே" என்று நெஞ்சில் கைவைத்ததை வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். ஆனாலும் அவரே காகிதத்தைப் பிரித்து, ரவுட்டரை மூங்கிலோடு சேர்த்துக் கட்டி, மேலே ஏற்றிக் கொடுத்தார். என் அறையில் எல்லாக் கோடும் நிமிர்ந்து நின்றன. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

சின்னச் சின்ன அசௌகரியங்கள் இருந்தன. சிக்னலில் பாதி தெருவுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் வந்து, உங்க நெட்டு எங்க அடுக்களை வரைக்கும் கிட்டுது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். (பாஸ்வேர்டைக் கொடுத்தது மாமாவேதான்.) கீழே ஜெனியின் அறைக்குச் சொட்டுச் சிக்னல் கிடையாது. மஸ்கட்டிலிருந்து மச்சான் மருமகளின் முகத்தைப் பார்க்கத் தினமும் கூப்பிடுவார், வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஸ்டாருக்கும் ரவுட்டருக்கும் ஒரே சுவிட்ச். ரவுட்டர் வேலை செய்ய வேண்டுமானால் ஸ்டார் இரவும் பகலும் எரிய வேண்டும்.

மாமாவின் கஷ்டத்தைச் சொல்லி முடியாது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் சோற்றுக் கையோடு எழுந்துபோய் அணைக்கிற மனிதர் அவர். பட்டப்பகலில் எரியும் ஸ்டாரைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள். "மாப்பிளைக்க ஆப்பீஸ் காரியமாக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வியாழக்கிழமை வந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, டை. கீழே கைலி. (கேமராவுக்குத் தெரியாததற்கு எதற்கு வீண் செலவு?) சுவிட்ச் இருந்த முன்வாசல் சிட்டவுட்டில் மாமா நாற்காலி போட்டு, பேப்பர் படிப்பதுபோல் காவலுக்கு உட்கார்ந்தார். திரையில் மேனேஜரும் மூன்று வெளிநாட்டுக்காரர்களும். பேச்சு எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. இந்த மூன்று மாதமும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் கீழே சபைப் பெண்கள் பிள்ளை பார்க்க வந்தார்கள். முன்னால் வந்தவர் ரோஸ்லின் டீச்சர். மாமாவுக்கே ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். டீச்சரைப் பார்த்ததும் மாமா உட்கார்ந்திருப்பாரா? எழுந்து, தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நாற்காலி எடுக்க உள்ளே போனார். டீச்சர் உட்காரவில்லை. நிமிர்ந்து ஸ்டாரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் விளக்கணைத்துப் பழகிய கை, யாரையும் கேட்கவில்லை.

மேலே நான் அந்த நேரம், "இணைப்பே போனாலும் எங்கள் மென்பொருள் ஒரு நொடிகூட நிற்காது" என்று ஆங்கிலத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். திரை உறைந்தது.

வயர் கழன்றிருக்கும் என்று நினைத்து மொட்டை மாடிக்குப் பாய்ந்தேன். கயிற்றை அவிழ்த்தேன். ஆள் உயர ஸ்டார், உள்ளே ரவுட்டர், மேலே காற்று. அது தெருப்பக்கம் சாயப் போனது. எட்டி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். ஒரு முனை அக்குளுக்குள் போயிற்று, ஒரு முனை டைக்குள் நுழைந்தது. மூங்கில் எங்கோ படாரென்று முறிந்தது. இப்போது நான் ஸ்டாரை விடவும் முடியாது, ஸ்டார் என்னை விடுவதாகவும் இல்லை.

கீழே அதைவிட மோசம். நாற்காலியோடு திரும்பிய மாமா, சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்து ஓசைப்படாமல் போட்டார். டீச்சர், "பட்டப்பகல்ல எதுக்குடே எரியவிடுக?" என்று மறுபடி அணைத்தார். மாமா போட்டார். டீச்சர் அணைத்தார். ஒவ்வொரு தடவையும் என் மார்பில் ஸ்டார் மின்னி மின்னி அணைந்தது. கடைசியில் மாமா, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தன் டீச்சரின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தொடாதீங்க டீச்சர். இது அணஞ்சா எனக்க மருமவனுக்கு இங்க நிக்க முடியாது. பிள்ளைய விட்டுட்டுப் போவணும்."

கேட்டதும் டீச்சர் ஆடிப்போய்விட்டாராம். பரிகாரமாக அங்கேயே எல்லோரையும் நிற்கவைத்து, கண்ணை மூடி, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் ஜெபம் ஏறெடுக்க ஆரம்பித்தார். "இந்த வீட்டு மாப்பிளைக்க நெட்டு அறுந்து போவாம காத்தருளும், தகப்பனே."

ரவுட்டர் உயிர்பிடித்தது. லேப்டாப் தானாகவே கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. எனக்குத் தெரியாது. என் பெயரை யாரோ கூப்பிடுவது கேட்டுத் திரும்பினேன். திறந்த கதவு வழியாகக் கேமரா என்னை முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டை, டை, கைலி, கட்டிப்பிடித்த கையில் எரியும் ஸ்டார். திரையில் நாலு முகம். கீழேயிருந்து பெண்கள் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். அது என்ன சத்தம் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டார். மேனேஜருக்குத்தான் தமிழ் தெரியுமே. கொஞ்சம் யோசித்துவிட்டு, நம் இணைப்புக்காக ஊர்க்காரர்கள் ஜெபிக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தார்.

நான் செத்தேன் என்று நின்றபோது மாமி மாடியேறி வந்தார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர். "இங்க தாருங்க" என்று மட்டும் சொன்னார். கிழிந்த காகிதத்துக்குள் கைவிட்டு ரவுட்டரை உருவினார். வயரை இழுத்துக்கொண்டு மாடிப்படி திருப்பத்துக்குப் போய், சும்மா கிடந்த பிளக்கில் செருகினார். ஜெனி கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம் மேல தூக்கி ஆணியில மாட்டும்மா" என்றாள். எல்லாக் கோடும் வந்தது. என் அறையில், ஜெனியின் அறையில், அடுக்களையில், எல்லா இடத்திலும். நான் ஸ்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, டையில் ஒட்டிய ஜிகினாவோடு மிச்சத்தைப் பேசி முடித்தேன். அதன்பிறகு ஒரு நொடிகூட அறுபடவில்லை.

மற்றவர்கள் போனதும் மேனேஜர் மட்டும் திரையில் நின்றார். எனக்குப் பஸ் டிக்கெட்டே கண்ணில் தெரிந்தது.

"அறுந்துபோச்சு," என்றார். "சொன்னது சொன்னதுதான்னு இருக்கலாம்னு பார்த்தேன். ஆனா அவங்களுக்கு உன்னை ரொம்பப் புடிச்சுப்போச்சு. பிள்ளைகூட இரு. இனிமே அந்த ரவுட்டரை மட்டும் தொடாதே."

அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை வேறு எதிலும் நான் அனுபவித்ததில்லை, சம்பள உயர்விலும் இல்லை. எழுந்துபோய் ரவுட்டருக்குக் கீழே படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே மச்சான் முதல்முறையாக மருமகளின் முகத்தைத் தெளிவாகப் பார்த்து, மூக்கு நம்ம குடும்ப மூக்கு என்று கத்துவது கேட்டது. மாமா முறிந்த மூங்கிலைத் தடவிப் பார்த்தபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனி இதுக்க மேல கை வைக்காண்டாம், கேட்டியளா மாப்பிள" என்றார். அவர் எனக்குச் சொன்ன முதல் "வேண்டாம்" அதுதான். வருத்தமே வரவில்லை. மாமி அன்று மாலைக் காப்பியில் எல்லோருக்கும் சீனி போட்டுவிட்டார்.

இப்போது அந்த வீட்டில், தெரியாத வேலையில் ஒருவர் கைவைத்தால் அதற்குப் பெயர் 'ஸ்டார் கெட்டுகது', அதாவது ஸ்டார் கட்டுவது. போன தடவை தண்ணி மோட்டார் ஓடவில்லை என்று நான் சட்டைக் கையை மடித்தபோதே மாமா, "ஸ்டார் கெட்டாண்டாம் மாப்பிள, ஆளு வரச் சொல்லியிருக்கேன்" என்றுவிட்டார்.

ரோஸ்லின் டீச்சர் ஒவ்வொரு டிசம்பரிலும் வருவார். அவர் வருகிற அன்று மட்டும் மாமா ஸ்டாரை வேண்டுமென்றே பகலில் எரியவிட்டு வைப்பார். டீச்சரும் சுவிட்சில் விரலை வைத்தபடி மாடியைப் பார்த்து, "மாப்பிளே, அணைக்கட்டா?" என்று குரல் கொடுப்பார். நான் சரி என்ற பிறகுதான் அணைப்பார். போன வருஷம் நான் வாய்திறப்பதற்குள், என் தோளில் இருந்த மகள் பதில் சொல்லிவிட்டாள்.

"அணைங்க டீச்சர். அப்பா சும்மாதான் இருக்காரு."