தம்பித்துரைக்கென்று தனியாக ஒரு பைக்கற்

இனிமேல் தன் வயிற்றுக்குத் தானே அதிகாரி என்று தம்பித்துரை முடிவெடுத்தது டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். ஐம்பத்தாறு வருடமாக வயிறு அவருடையதுதான். ஆனால் கடந்த ஆறு மாதமாக அதை ஆட்சி செய்தது அவர் மனைவி யோகம்.

காரணம் சீலியாக் நோய். கோதுமையில் இருக்கிற குளூட்டன் அவருடைய குடலுக்கு ஆகாது, மருந்தும் கிடையாது, அதன் வாசமே படாமல் சாப்பிடுவதுதான் ஒரே வைத்தியம் என்று அவர்கள் இருக்கிற ஜேர்மன் நகரமான வுப்பர்டாலின் டொக்டர் சொல்லிவிட்டார். தம்பித்துரை காலைச் சாப்பாட்டுப் பாண் துண்டை விட்டார். கோதுமை மாவில் சுற்றிப் பொரிக்கிற றோல்ஸை விட்டார். சிப்ஸ் என்று வந்தபோதுதான் மனுசன் சண்டைக்கு நின்றார். கோதுமைக் கதிரின் மேல் குறுக்குக் கோடு போட்ட அடையாளம் இல்லாத எந்தப் பைக்கற்றும் யோகத்தைத் தாண்டி வீட்டுக்குள் வராது. கோடு போட்டது வந்தால், உறைப்பில்லை என்று இவர் முகத்தைச் சுளிப்பார்.

"தமிழ்க் கடையில றெக்ஸ் மரவள்ளிச் சிப்ஸ் விக்கிறான். நல்ல உறைப்பு. மரவள்ளிக்கும் கோதுமைக்கும் என்னப்பா சொந்தம்?"

"றோல்ஸ் பொரிக்கிற தாச்சியிலதான் அதையும் பொரிக்கிறான். ஒரே எண்ணெயில குளிச்சாச் சொந்தந்தான்."

"எண்ணெய் கொதிக்கேக்க எல்லாம் செத்துப்போகும்."

"அது கிருமி. குளூட்டன் சாகாது. டொக்டர் சொல்லேக்க நீங்கள் எங்க பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

"சுவரில இருந்த குடல் படத்தை."

யோகம் வாக்குவாதத்தை நீட்டவில்லை. புதுத் தாச்சி ஒன்று வாங்கினாள். மரவள்ளிக் கிழங்கு சீவி, புது எண்ணெயில் பொரித்து, மிளகாய்த்தூள் தூவித் தட்டில் வைத்தாள். தம்பித்துரை ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை. எண்டாலும் கடைச் சிப்ஸ் கடைச் சிப்ஸ்தான். அந்தக் கைப்பக்குவம் உனக்கு வராது யோகம்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். யோகம் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். தான் வென்றுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை, கத்தரிக்காய் வாங்குகிற சாட்டில் றெக்ஸின் கடைக்குப் போனார். இவரைக் கண்டதும் றெக்ஸ் மேசைக்கடியில் இருந்து ஒரு பைக்கற்றை எடுத்தான்.

"மரவள்ளிச் சிப்ஸ், அண்ணை. உங்களுக்கெண்டு தனிய எடுத்து வைச்சனான்."

தம்பித்துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த ஊரில் எத்தனையோ தமிழர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு மேசைக்கடியில் பைக்கற் காத்திருக்கிறது? தொங்கு ரயில் நிலையத்து வாங்கில் அமர்ந்து முழுவதையும் தின்று முடித்தார். வெறும் பையைக் குப்பைத்தொட்டியில் போட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்காயோடு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. வயிறு ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. வாழ்க்கையில் ஒரே குறை வெள்ளிக்கிழமைகள்தான். வேலையால் வந்தால், பனி கொட்டுகிற நாளிலும் வீட்டு யன்னல்கள் எல்லாம் அகலத் திறந்திருக்கும்.

"இது வீடோ பிறிட்ஜோ?"

"ஜேர்மன்காரர் யன்னல் திறந்து காத்து விடுறேல்லையோ? இல்லாட்டிச் சுவர் பூஞ்சணம் பிடிக்குமெண்டு மேல்வீட்டு மனுசி சொன்னவ. ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு இருங்கோ."

ஏப்ரலில் டொக்டரைப் பார்க்கக் குறித்த நாள், டெர்மின், வந்தது. இந்த நாளுக்காகத்தான் தம்பித்துரை நாலு மாதம் காத்திருந்தார். ஆனாலும் அந்த அறையில் போய் இருந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தின்றதெல்லாம் இரத்தத்தில் எழுதியிருந்தால்? சுவரில் இருந்த குடல் படத்தை இந்த முறை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். அளவுகள் எல்லாம் நன்றாக இறங்கிவிட்டன, நல்ல கட்டுப்பாடு, இப்படியே சாப்பிட்டு வாருங்கள் என்றார்.

கூட வந்திருந்த யோகத்தோடு வெளியே வந்து படியிறங்குகிறபோதே தம்பித்துரை வெற்றி அறிக்கை வாசிக்கத் தொடங்கினார்.

"யோகம், இப்ப சொல்லுறன் கேள். நாலு மாசமா ஒவ்வொரு சனியும் றெக்ஸின்ர சிப்ஸ் ஒரு பைக்கற் திண்டனான். எனக்கு என்ன நடந்தது? உன்ர கோடு, கதிர், புதுத் தாச்சி எல்லாம் சும்மா."

"நல்ல உறைப்போ?"

"அதல்லோ சிப்ஸ். நீ தலைகீழா நிண்டாலும் அப்பிடிப் பொரிக்க ஏலாது."

யோகம் கைப்பையைத் திறந்து ஒரு சிறு கட்டை வெளியே எடுத்தாள். றெக்ஸின் கடைப் பெயர் அச்சடித்த வெறும் சிப்ஸ் பைகள்.

"றெக்ஸ் தந்ததில இன்னும் பன்ரெண்டு பை மிச்சம் இருக்கு. நாளைக்குப் பெரிய வெள்ளி, உங்களுக்கும் லீவு. நீங்கள் கிழங்கைச் சீவுங்கோ. இனி யன்னலைப் பூட்டிப்போட்டே நான் பொரிக்கிறன்."